சிஏ நடுவுல மேனேஜ்மெண்ட் பேச கூப்பிட்டா: கமிட்டி ஆளுங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

மலேசியா, பினாங்குல பிறை, பாயான் லெப்பாஸ் பக்கம் ஃபேக்டரில யூனியன் கமிட்டில புதுசா நிக்கிறவங்க திரும்ப திரும்ப கேக்குற கேள்விங்க இது. பதில் சொல்றவன் வக்கீல் இல்ல, கமிட்டி செயலாளரா மேசைக்கு இந்த பக்கம் உக்காந்தவன். இங்க சொல்றது எல்லாம் தனியார் கம்பெனி, யூனியனுக்கு அங்கீகாரம் இருக்கு, சிஏன்னு நம்ம சொல்ற கூட்டு ஒப்பந்தம் ஓடிக்கிட்டு இருக்குங்கிற நிலைமைக்கு மட்டும்.

மூணு வருஷத்துக்கு கையெழுத்து போட்டாச்சு, நடுவுல பேச என்ன இருக்கு?

மூணு வருஷம்ங்கிறது நம்மளா வச்சது இல்ல, 1967 தொழில் உறவுச் சட்டம் செக்‌ஷன் 14 சொல்றது, சிஏ குறைஞ்சது மூணு வருஷம் ஓடணும். அந்த மூணு வருஷமும் எல்லாம் அப்படியே நிக்குமா? 2022 மே மாசம் மினிமம் சம்பளம் 1,500 வெள்ளி (ரிங்கிட்) ஆச்சு, 2023 ஜனவரில வாரத்துக்கு 48 மணி நேரம் 45 ஆச்சு, பிரசவ லீவு 60 நாள்ல இருந்து 98 நாளுக்கு போச்சு, அப்பாமாருக்கு 7 நாள் லீவு வந்துச்சு. 2021-ல போட்ட சிஏவ எடுத்து பாருங்க, இதுல ஒண்ணுமே இருக்காது. அது பத்தாதுன்னு மேனேஜ்மெண்ட் புது மெஷின் இறக்குவாங்க, 8 மணி ஷிப்ட 12 மணி ஆக்கலாமான்னு கேப்பாங்க, மெடிக்கல் கார்ட வேற கம்பெனிக்கு மாத்துவாங்க.

அதே செக்‌ஷன் 14-ல இன்னொண்ணும் இருக்கு. சிஏவ எப்படி மாத்துறது, எப்படி முடிக்கிறதுன்னு சிஏ உள்ளயே வழிமுறை எழுதியிருக்கணும். நம்ம ஆளுங்க சம்பள ஸ்கேல் இருக்குற பக்கத்த மட்டும் தேய தேய புரட்டுவாங்க, இந்த கிளாஸ, அதாவது இந்த உட்பிரிவ, யாரும் படிக்கிறது இல்ல. முதல்ல அத எடுத்து படிங்க.

கூப்பிட்டா போயே ஆகணுமா?

14 நாள்ல பதில் குடுக்கணும், ஒத்துக்கிட்டா 30 நாள்ல பேச்சுவார்த்தை ஆரம்பிக்கணும்னு செக்‌ஷன் 13-ல ஒரு கணக்கு இருக்கு, அது புது சிஏவுக்கு ப்ரொபோசல் அனுப்பி அழைக்கிறப்போ வர்றது. ஓடிக்கிட்டு இருக்குற சிஏவ நடுவுல தொடணும்னா உங்க சிஏ கிளாஸ் என்ன சொல்லுதோ அதுதான். பெரும்பாலும் ‘ரெண்டு தரப்பும் சம்மதிச்சா மட்டும் மாத்தலாம்’னு இருக்கும், அப்படி இருந்தா நீங்க மாட்டேன்னு சொல்ல உரிமை இருக்கு.

ஆனா மாட்டேன்னு சொல்றதும் கேக்கவே மாட்டேன்னு சொல்றதும் வேற வேற. என்ன விஷயம்னு எழுத்துல கேளுங்க, படிங்க, அப்புறம் முடிவு பண்ணுங்க. சட்டமே மாறின விஷயத்துல முறைச்சுக்கிட்டு உக்காந்தா நஷ்டம் நமக்குத்தான், ஏன்னா சட்டத்த விட குறைவா இருக்குற சிஏ வரி தானாவே செல்லாது, அந்த எடத்துல என்ன போடுறதுன்னு நம்ம இல்லாம அவங்களே முடிவு பண்ணிடுவாங்க.

கிரவுண்ட் ரூல்ஸ்னு தனியா எதுக்கு? நேரா விஷயத்த பேசிட்டா என்ன?

கிரவுண்ட் ரூல்ஸ்னா பேச்சு எப்படி நடக்கணும்னு முன்கூட்டியே எழுதிக்கிற நடைமுறை விதிங்க. சட்டத்துல அதுக்குன்னு தனியா ஒரு செக்‌ஷன் கிடையாது, ரெண்டு பக்கமும் பேசி வச்சுக்கிறதுதான். புது சிஏ பேசும்போது எல்லாமே மேசை மேல இருக்கும், ஒண்ணு குடுத்து ஒண்ணு வாங்கலாம். நடுவுல பேசும்போது அப்படி இல்ல, நம்ம கையில ஏற்கனவே கையெழுத்தான பேப்பர் இருக்கு, எதையும் திறக்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்ல. அதனால எந்த கதவு திறக்குது, எது பூட்டியே இருக்குன்னு முதல்லயே எழுதிக்கணும். இல்லன்னா பைப் ரிப்பேருக்கு ஆள கூப்பிட்டு சமையலறையவே ஒடைக்க விட்ட கதைதான், ஷிப்ட் நேரம் பேச போனவங்க போனஸ் ஃபார்முலாவ கோட்டை விட்டுட்டு வருவாங்க.

அதுல என்னென்ன எழுதணும்?

முதல்ல எந்த ஆர்ட்டிகல். ‘வேலை நேரம் சம்பந்தப்பட்டது’ன்னு பொத்தாம்பொதுவா எழுதாதீங்க, வேலை நேரத்துக்குள்ள ஓடின்னு சொல்ற ஓவர்டைமும் வரும், ஷிப்ட் அலவன்ஸும் வரும், ரெஸ்ட் டேவும் வரும், பஸ் நேரமும் வரும். ஆர்ட்டிகல் நம்பர், கிளாஸ் நம்பர் போட்டு எழுதுங்க, அதுக்கு கீழயே ‘மத்த எல்லா ஆர்ட்டிகலும் மாறாம நடைமுறைல இருக்கும்’னு ஒரு வரி. மத்த எதையும் விட்டாலும் இந்த வரிய விடாதீங்க.

அடுத்து யார் யார். ரெண்டு பக்கமும் எத்தனை பேரு, பேசுறவர் யாரு, அவர் வரலன்னா யாரு. இதுல நம்ம கேக்க மறக்கக்கூடாத கேள்வி, எதிர்ல உக்காந்திருக்குறவருக்கு முடிவு எடுக்குற அதிகாரம் இருக்கா? எச்ஆர் எக்சிகியூட்டிவ் வந்து எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு, கடைசி நாள் ‘எச்கியூ (தலைமை ஆபீஸ்) ஒத்துக்கல’ன்னு சொல்றது ரொம்ப பழைய வித்தை. கையெழுத்து போடுற அதிகாரம் உள்ளவர் மேசைல இருக்கணும், இல்ல ஒவ்வொரு மீட்டிங்குக்கும் அடுத்த நாளுக்குள்ள அவர்கிட்ட இருந்து பதில் வரணும்னு எழுதி வாங்குங்க. நம்ம பக்கமும் அதே மாதிரிதான், உறுப்பினர்கள்கிட்ட கேட்டுட்டுதான் கையெழுத்துன்னா அத முதல் நாளே சொல்லிடணும், கடைசில இழுத்தா நம்மதான் ஏமாத்துற மாதிரி ஆயிடும்.

நேரம், சம்பளம். நைட் ஷிப்ட் முடிச்சு காலைல 7 மணிக்கு வெளிய வர்றவர 10 மணி மீட்டிங்குக்கு உக்கார வச்சா அவர் என்னத்த பேசுவாரு, தூங்கி விழுவாரு. செக்‌ஷன் 6 படி யூனியன் பொறுப்புல இருக்குறவங்க லீவு கேட்டா காரணம் இல்லாம மறுக்க முடியாது, அதே முதலாளி சம்பந்தப்பட்ட விஷயத்துல உறுப்பினர்களுக்காக பேசத்தான் போறாங்கன்னா அது சம்பளத்தோட லீவு. மீட்டிங் நாள் அன்னிக்கு அவர டே ஷிப்டுக்கு மாத்தணும், ஷிப்ட் அலவன்ஸ் வெட்டக்கூடாது, இத ரெண்டு வரில எழுதிக்கிட்டா அப்புறம் சூப்பர்வைசர்கிட்ட கெஞ்ச வேண்டியது இல்ல.

மினிட்ஸ், அதாவது மீட்டிங் குறிப்பு, யார் எழுதுறது, எத்தனை நாள்ல குடுக்கணும், திருத்தம் எப்படி. அவங்க எழுதட்டும் பரவால்ல, ஆனா நம்ம பக்கமும் ஒருத்தர் பேசாம எழுதிக்கிட்டே இருக்கணும். ரெக்கார்டிங் வேணுமா வேணாமான்னும் முடிவு பண்ணிடுங்க. நடுவுல எழுந்து வெளிய போய் நமக்குள்ள பேசிக்க உரிமை இருக்கணும், அதுக்கு ஒரு ரூமும் வேணும், பேன்ட்ரில நின்னு குசுகுசுன்னு பேசுறது கேவலம்.

அப்புறம் தகவல். லைன மாத்தினா மிச்சம் ஆகும்னு சொன்னா எவ்வளவு, எப்படி கணக்கு போட்டீங்க, பேப்பர காட்டுங்கன்னு கேக்கணும். மீட்டிங்குக்கு இத்தனை நாள் முன்னாடி குடுக்கணும்னு எழுதுங்க, வந்து உக்காந்த பிறகு ப்ரொஜெக்டர்ல காட்டி அடுத்த ஸ்லைடுக்கு ஓடுறது தகவல் குடுக்குறது இல்ல. கம்பெனி ரகசியம்னு சொன்னா ரகசியம் காக்குறோம்னு கையெழுத்து போட்டுட்டு வாங்கிக்கோங்க.

பேச்சு முடியிற வரைக்கும் எதையும் தன்னிச்சையா மாத்தக்கூடாது, புது கோரிக்கைய எந்த மீட்டிங்குக்கு அப்புறம் கொண்டு வரக்கூடாது, ஒவ்வொரு கிளாஸும் ஒத்து வந்தா சின்ன கையெழுத்து, ஆனா மொத்தமும் ஒத்து வந்தாதான் எதுவும் கட்டுப்படுத்தும். இவ்வளவும் ஒண்ணரை பக்கத்துல அடங்கிடும்.

‘சும்மா டிஸ்கஷன்தானே, எழுத்து எதுக்கு’ன்னு எச்ஆர் சொன்னா?

எச்ஆர்ல புதுசா வந்த பொண்ணு ரொம்ப மரியாதையாதான் கூப்பிடும், ‘அங்கிள், சும்மா தே தாரே குடிச்சுக்கிட்டு பேசலாம்’னு. போங்க, குடிங்க. ஆனா அன்னிக்கு சாயங்காலமே ஒரு இமெயில் போடுங்க: இன்னிக்கு பேசினது இது, இது பேச்சுவார்த்தை இல்ல, யூனியன் எதுக்கும் சம்மதம் சொல்லல. இத செய்யாம விட்டா அடுத்த மாசம் நோட்டிஸ் போர்டுல ‘யூனியனுடன் கலந்தாலோசித்த பின்’னு ஒரு மெமோ தொங்கும்.

முதல் கடிதம் எப்படி எழுதுறது?

மலாய்லயோ இங்கிலீஷ்லயோ எழுதுங்க, சாரம் இப்படி இருந்தா போதும்:

“தங்கள் கடிதம் கிடைத்தது. கூட்டு ஒப்பந்தத்தின் ஆர்ட்டிகல் இத்தனை, கிளாஸ் இத்தனை குறித்து மட்டும் பேச யூனியன் தயாராக உள்ளது. இது மற்ற ஆர்ட்டிகல்களைத் திறப்பதாகாது. பேச்சு தொடங்கும் முன் இணைப்பில் உள்ள நடைமுறை விதிகளை இரு தரப்பும் கையெழுத்திட வேண்டுகிறோம். அதுவரை தற்போதைய நடைமுறை தொடர வேண்டும். யூனியனின் உரிமைகள் எதையும் விட்டுக்கொடுக்காமல் இக்கடிதம் எழுதப்படுகிறது.”

இதுக்கு மேல ஆவேசமா ஒண்ணும் வேணாம்.

மினிமம் சம்பளம் ஏறிடுச்சு, சிஏ ஸ்கேல் அதுக்கு கீழ இருக்கு. பேசித்தான் ஏத்தணுமா?

இல்ல. 2025 பிப்ரவரி 1-ல இருந்து அஞ்சு பேருக்கு மேல வேலை செய்ற எடத்துல 1,700 வெள்ளி, அஞ்சு பேரும் அதுல சேர்த்தி, ஆகஸ்ட் 1-ல இருந்து மத்த சின்ன எடத்துக்கும். அது சட்டம், பேச்சுவார்த்தைக்கு அதுல எடமே இல்ல, பேசி முடியிற வரைக்கும் பழைய சம்பளம்னு சொன்னா நேரா தொழிலாளர் இலாகாவுக்கு போங்க.

பேச வேண்டியது வேற. உதாரணத்துக்கு, புதுசா வர்றவருக்கு 1,550, ஆறு வருஷம் இருக்குறவருக்கு 1,720ன்னு வச்சுக்கோங்க, ரெண்டு பேருக்கும் 170 வெள்ளி வித்தியாசம். சட்டம் வந்த மறுநாள் புது ஆளுக்கு 1,700, பழைய ஆளுக்கு அதே 1,720. ஆறு வருஷ உழைப்புக்கு 20 வெள்ளி! இந்த நசுங்கல சரி பண்ண சட்டம் ஒண்ணும் சொல்லல, இத மேசைல பேசித்தான் வாங்கணும், நடுவுல பேச்சு வார்த்தைக்கு நம்மளே கடிதம் போடலாம்னா இதுக்குத்தான் போடணும். அடுத்த சிஏ வரைக்கும் பொறுத்திருக்க சொல்லுவாங்க, பொறுத்தா அந்த 20 வெள்ளிதான் அடுத்த பேச்சுக்கு அடிமட்டம் ஆயிடும்.

பத்து ஃபெரிங்கி பக்கம் ஹோட்டல்ல வேலை செய்றவங்களுக்கு ஒரு விஷயம். சர்வீஸ் சார்ஜ வச்சு மினிமம் சம்பளத்த நிரப்ப முடியாதுன்னு கூட்டரசு நீதிமன்றம் 2021-ல கிரிஸ்டல் கிரவுன் ஹோட்டல் வழக்குல சொல்லிடுச்சு. அது வாடிக்கையாளர் குடுக்குற காசு, முதலாளி காசு இல்ல. நடுவுல ‘சம்பள அமைப்ப மாத்துறோம்’னு வர்ற ப்ரொபோசல் எதையும் இத மனசுல வச்சு படிங்க.

48 மணி 45 ஆன மாதிரி சட்டம் மாறும்போது என்னத்த பேசுறது?

அந்த மூணு மணி நேரம் எங்க போகுதுங்கிறதத்தான். ஆறு நாள் வேலைன்னா தினம் 8 மணி ஏழரை ஆகுது. மாச சம்பளம் 2,080 வெள்ளின்னு வச்சுக்கோங்க, 26-ல வகுத்தா ஒரு நாளைக்கு 80, எட்டுல வகுத்தா மணிக்கு 10, ஓடி ஒன்றரை மடங்கு 15. ஏழரைல வகுத்தா மணிக்கு 10.67, ஓடி 16. மணிக்கு ஒரு வெள்ளிதானேன்னு தோணும், மாசம் 60 மணி ஓடி செய்றவருக்கு அது 60 வெள்ளி, அதுவும் அந்த தினசரி அரை மணிய வேலை செஞ்சா அதுவும் ஓடிதான். அதனாலதான் சில எடத்துல சாப்பாட்டு நேரத்த அரை மணி நீட்டி, வீட்டுக்கு போற நேரம் மட்டும் மாறாம பாத்துக்கிட்டாங்க. சட்டப்படி தப்புன்னு சொல்ல முடியாது, ஆனா தொழிலாளி அதே நேரத்துக்குத்தான் கம்பெனி கேட்ட தாண்டி வெளிய வர்றாரு. ஷிப்ட் ஆரம்பம், முடிவு, இடைவேளை, மூணையும் சேத்து ஒரே கிளாஸா பேசுங்க, தனித்தனியா பிரிக்க விடாதீங்க.

பேசிக்கிட்டு இருக்கும்போதே அவங்களா மாத்திட்டா?

மாத்தினது சிஏல எழுதியிருக்குற விஷயமா இல்லையான்னு முதல்ல பாக்கணும். எழுதியிருந்தா, அது தொழிலியல் நீதிமன்றம் ஏத்துக்கிட்ட சிஏன்னா, அதுக்கு நீதிமன்றத் தீர்ப்பு மாதிரி வலு உண்டு. யூனியன்ல சேராத ஆளுக்கும், பிறகு வேலைக்கு வந்தவருக்கும், கம்பெனிய வாங்கின புது முதலாளிக்கும் சேர்த்துதான் கட்டுப்படும். மீறினா செக்‌ஷன் 56 படி நீதிமன்றத்துல புகார் குடுக்கலாம், வரிக்கு அர்த்தம் என்னன்னுதான் சண்டைன்னா செக்‌ஷன் 33. ஒண்ணு மட்டும் தெரிஞ்சு போங்க, செக்‌ஷன் 56-ல போனா சிறப்பு சூழ்நிலை இருக்குன்னு பட்டா அந்த வரியவே மாத்தவோ ரத்து பண்ணவோ நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கு. கம்பெனி நிஜமாவே நொடிச்சு போற நிலைமைல இருக்குன்னா யூனியன் தலைமையகத்துல பேசிட்டு போறது நல்லது.

ஸ்ட்ரைக் போகலாமா?

சிஏ ஓடும்போது, சிஏல இருக்குற விஷயத்துக்கு, முடியாது. செக்‌ஷன் 44. முதலாளிக்கும் கதவ இழுத்து பூட்ட முடியாது, அது ரெண்டு பக்கத்துக்கும்தான். வேலை நேரத்துல எல்லாரும் சொல்லி வச்சு மெதுவா செய்யலாம்னு யாராச்சும் ஐடியா குடுத்தா வேணாம்னு சொல்லுங்க, அதுவும் ஸ்ட்ரைக் கணக்குல வரும். வேலை நேரத்துக்கு வெளிய, தொழில் தகராறு இருக்குற அதே எடத்து வாசல்ல, வழி மறிக்காம மிரட்டாம அமைதியா பேனர் பிடிச்சு பிக்கெட் நிக்க செக்‌ஷன் 40-ல எடம் இருக்கு, ஆனா தலைமையகத்துக்கு தெரியாம பேனர தூக்காதீங்க.

ஆள் குறைப்பு பத்தி பேசலாமா? அது மேனேஜ்மெண்ட் உரிமைங்கிறாங்களே.

ப்ரொமோஷன், டிரான்ஸ்ஃபர், ஆள் எடுக்குறது, ஆள் குறைப்பு, வேலை நீக்கம், வேலை பிரிச்சு குடுக்குறது, இதெல்லாம் செக்‌ஷன் 13(3) பட்டியல்ல இருக்கு, இன்னாருக்கு ஏன் ப்ரொமோஷன் குடுக்கலன்னு ப்ரொபோசல்ல வைக்க முடியாது. ஆனா பொதுப்படையா பேசலாம். முன்னாடி ப்ரொமோஷனுக்கு மட்டும் அந்த வழி இருந்துச்சு, 2020 திருத்தம் அத ஆள் குறைப்பு மாதிரி மத்ததுக்கும் நீட்டிடுச்சு. ‘எங்க உரிமை, பேச்சுக்கே எடம் இல்ல’ன்னு சொல்ற எச்ஆர் பழைய புத்தகத்த படிச்சுட்டு வந்திருக்காருன்னு அர்த்தம்.

பேச கையில நிறைய இருக்கு. 1975 தொழில் இணக்க நடத்தை விதி, அது முதலாளிங்க தரப்பும் எம்டியூசிங்கிற மலேசிய தொழிற்சங்க காங்கிரசும் சேந்து ஒத்துக்கிட்டது, ஆள் குறைக்கிறதுக்கு முன்னாடி புது ஆள் எடுக்குறத நிறுத்து, ஓடிய குறை, ரெஸ்ட் டே வேலைய குறை, ஷிப்ட குறை, வேற வேலைக்கு பழக்கி மாத்துன்னு சொல்லுது. அது சட்டம் இல்ல, ஆனா நீதிமன்றம் அத எடுத்து பாக்கும். சட்டமா இருக்குறது, ஒரே மாதிரி வேலைல உள்ளூர் ஆள நிறுத்துறதுக்கு முன்னாடி வெளிநாட்டு ஆள நிறுத்தணும், குறைஞ்சது 30 நாள் முன்னாடி ஆள் குறைப்ப தெரிவிக்கிற பிகே ஃபாரம் தொழிலாளர் இலாகாவுக்கு போகணும். நஷ்ட ஈடு ஒரு வருஷம் முடிச்சு ரெண்டு வருஷத்துக்கு கீழ இருந்தா வருஷத்துக்கு 10 நாள் சம்பளம், ரெண்டுல இருந்து அஞ்சு வரைக்கும் 15, அஞ்சுக்கு மேல 20, இது தரைதான், சிஏல அதிகம் இருந்தா சிஏதான். வெளிநாட்டு ஆள முதல்ல அனுப்புன்னு சட்டம் சொல்றது சரி, ஆனா அந்த நேப்பாளத்து, வங்காளதேசத்து தம்பிங்களுக்கும் இந்த சிஏ பொருந்தும், அவங்க நோட்டிஸ், அவங்க பாக்கி சம்பளத்தையும் நம்மதான் மேசைல கேக்கணும்.

எந்த மொழில பேசுறது?

எல்லாருக்கும் புரியிற மொழில. மலாய்னா மலாய். நம்ம கமிட்டில மூத்தவர் தமிழ்ல பேசினாதான் விஷயத்த உடைச்சு சொல்லுவாருன்னா, பக்கத்துல ஒருத்தர் மொழிபெயர்க்க நேரம் குடுக்கணும்னு ரூல்ஸ்ல போட்டுடுங்க.

உறுப்பினர்களுக்கு எவ்வளவு சொல்லலாம்? குரூப்ல கேட்டு நச்சரிக்கிறாங்க.

ரகசியம்னு ஒத்துக்கிட்டா ரெண்டு பக்கமும் காக்கணும், சூப்பர்வைசர் லைன்ல நின்னு ‘உங்க யூனியன்தான் ஒத்துக்க மாட்டேங்குது’ன்னு பேசுறதும் மீறல்தான், அதையும் எழுதி வைங்க. மொத்தமா வாய மூடுறதுக்கு மட்டும் ஒத்துக்காதீங்க. எந்த ஆர்ட்டிகல் பேசுறோம், எத்தனாவது மீட்டிங், அடுத்தது எப்போ, இவ்வளவையும் சொல்ல உரிமை வேணும். நம்பர் எதுவும் குரூப்ல போக கூடாது. மத்தியானம் போட்ட மெசேஜ் சாயங்காலம் எச்ஆர் மேசைல இருக்கும், அத அனுப்புன ஆளும் நம்ம குரூப்லதான் இருப்பாரு.

ஒத்து வந்தாச்சு. கையெழுத்து போட்டா முடிஞ்சுதா?

பாதிதான் முடிஞ்சுது. சைடு லெட்டர்னு சிஏவோட சேராத தனி கடிதமா போட்டு ஃபைல்ல வச்சுட்டா, எச்ஆர் மாறினதும் அந்த ஃபைல் காணாம போகும். துணை ஒப்பந்தமா எழுதி, ரெண்டு பக்கமும் கையெழுத்து போட்டு, ஒரு மாசத்துக்குள்ள தொழிலியல் நீதிமன்ற பதிவாளர்கிட்ட சேந்து ஒப்படைச்சு, நீதிமன்றம் ஏத்துக்கிட்டாதான் சிஏவுக்கு இருக்குற அதே வலு அதுக்கும். எந்த தேதில இருந்து, பாக்கி எப்போ குடுப்பாங்க, சிஏவோட சேந்தே முடியுமான்னும் அதுல இருக்கணும்.

ஒத்து வரலன்னா?

பழைய சிஏ அப்படியே நிக்கும், நடுவுல பேசும்போது நமக்கு இருக்குற பெரிய பலமே அதுதான், அவசரப்பட வேண்டியது அவங்கதான். அதுக்கு மேல தகராறுன்னா தொழில் உறவு இலாகாவுக்கு செக்‌ஷன் 18-ல தெரிவிக்கலாம், அதிகாரி ரெண்டு பக்கத்தையும் கூப்பிட்டு சமரசம் பேசுவாரு. அங்கயும் முடியலன்னா மனிதவள அமைச்சர் தொழிலியல் நீதிமன்றத்துக்கு அனுப்புற வழி இருக்கு, ஆனா இப்போ பல விஷயத்துல ரெண்டு தரப்பும் எழுதி சம்மதிக்கணும். சமரசத்துக்கு போகும்போது கிரவுண்ட் ரூல்ஸ், மினிட்ஸ், இமெயில் எல்லாம் தேதி வாரியா அடுக்கி கொண்டு போங்க, கதை சொல்ல போகாதீங்க.

பேச்சு நடக்கும்போதே எனக்கு எக்சிகியூட்டிவ் போஸ்ட் தர்றேங்கிறாங்க. வாங்கிக்கலாமா?

உங்க வாழ்க்கை, உங்க முடிவு. ஆனா யூனியன்ல இருந்து விலக வைக்கிறதுக்காக சலுகை காட்டுறது செக்‌ஷன் 5 படி முதலாளி செய்யக்கூடாத வேலை. மேனேஜர், எக்சிகியூட்டிவ் வேலைக்கு போனவர அந்த யூனியன் பிரதிநிதிக்க முடியாதுங்கிறதால, நீங்க ஏறின அன்னிக்கே மேசைல உங்க நாற்காலி காலி. ஆஃபர் லெட்டர எழுத்துல வாங்குங்க, கமிட்டிகிட்ட காட்டுங்க, துணை ஒப்பந்தத்துல கையெழுத்து ஆன தேதிக்கு அப்புறம் வேலை ஆரம்பிக்க முடியுமான்னு கேளுங்க. தேதிய தள்ள மாட்டேன்னு அடம்பிடிச்சா எதுக்கு குடுக்குறாங்கன்னு உங்களுக்கே தெரிஞ்சுடும்.